ஒன்பது கண்

தங்கேஸ்வரி மிஸி டோர்ச் வாங்க வந்த அன்று என் கடையில் முழுதாக ஒரு மணிநேரம் நின்றார். யட்டவத்த பஜாரில் பல்பும் வயரும் விற்கத் தொடங்கி அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு நேரம் எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

அவர் எங்கள் பகுதிக்கு மிட்வைஃப். ஊர் யாழ்ப்பாணப் பக்கம், வாத்தியார் ஒருவரைக் கட்டி மாத்தளையோடு தங்கிவிட்டவர். குடையும் பையுமாகத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கும் கிராமங்களுக்கும் நடந்தே போவார். லயத்து அறைகளில் நடுப்பகலிலும் விளக்கு வேண்டும் என்பதால் அவருக்கு டோர்ச் என்பது செருப்பைப் போல அவசியமான சாமான். என் மனைவி சுசீலாவுக்கு அப்போது எட்டு மாதம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை. ஆகவே மிஸியின் மனம் கோணக் கூடாதென்று கடையிலிருந்த டோர்ச் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. பழைய ஒற்றை பல்பு டோர்ச்சை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சீனாவிலிருந்து வந்த புது டோர்ச்சின் தலையில் பொட்டுப் பொட்டாகச் சின்ன பல்புகள் பல இருக்கும். அவற்றை எங்கள் கடையில் கண் என்போம். ஐந்து கண், ஒன்பது கண், இருபத்தொரு கண். நான் இருபத்தொரு கண்ணைத்தான் புகழ்ந்தேன். மிஸியோ வெளிச்சத்தைப் பார்க்காமல் பின்மூடியைக் கழற்றி, எந்த பெட்டரி போகும் என்று பார்த்தார்.

சார்ஜ் பண்ணுகிற வகை அவருக்கு வேண்டாம். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். மெலிந்த பெட்டரி வகையும் வேண்டாம். அது மாத்தளை டவுனில் மட்டும்தான் கிடைக்கும். தடித்த பெட்டரி போடுவதை எடுத்துக் காட்டியபோது சிரித்துவிட்டார். யுத்த காலம், குண்டுக்கு உதவுமென்று செக்பொயின்ற்றில் சந்தேகப்படுகிற பெட்டரி அது.

"பெரிய பெட்டரி நாலு பையில கிடக்குது, அடையாள அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்குது. செக்பொயின்ற்றில நான் விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள்ள பிள்ளை தானாப் பிறந்திடும்."

கடைசியில் ஒன்பது கண்ணை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் போடுகிற அதே பெட்டரி மூன்று போதும். தீர்ந்தால் எந்த வீட்டிலும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு இரவல் வாங்கலாம் என்றார். இப்படி ஒரு கணக்கில் டோர்ச் தெரிவு செய்த ஆளை நான் பார்த்ததே இல்லை. போகும்போது அதைத் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்து, வெளிச்சம் ஏன் நீலம் பாய்ந்து கிடக்கிறது என்று கேட்டார். நிலா வெளிச்சம் மாதிரி, அதுதான் இப்போது விசேஷம் என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

ஐப்பசி மழையில் எங்கள் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இரண்டு நாள், பிறந்து நான்கு நாள் ஆனபோது மிஸி பார்க்க வந்தார். அன்று மத்தியானம் கரண்ட் போயிருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. சுசீலாவின் அக்கா பாலாமணி மதினி பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வந்தவர், காற்றுப் படக்கூடாதென்று அறையின் ஒரே ஜன்னலையும் சாக்குத் துணியால் அடைத்து வைத்திருந்தார். மிஸி நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து, பிள்ளை பால் குடிக்கிறாளா என்று முதலில் கேட்டார். எழுப்பினாலும் தூங்கிவிடுகிறாள் என்றாள் சுசீலா. நல்ல பிள்ளை, அழுவதே இல்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். மிஸி அதற்குச் சிரிக்கவில்லை.

ஒன்பது கண் டோர்ச்சைப் போட்டுப் பிள்ளையின் மூக்கை விரலால் அழுத்தி எடுத்து, அழுத்திய இடம் என்ன நிறம் என்று பார்த்தார். பிறகு நெஞ்சு, தொடை, உள்ளங்கால். மஞ்சள் காமாலை முகத்தில் தொடங்கிக் கீழே இறங்குமாம். முகத்தோடு நின்றால் பெரும்பாலும் தானாகப் போய்விடும், காலுக்கு இறங்கியிருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரி, பிந்தினால் மூளைக்குக் கூடாது என்று விளக்கினார். டோர்ச் வெளிச்சத்தில் பிள்ளை பளிச்சென்று வெள்ளையாக இருந்தாள். எனக்கு மூச்சு வந்தது. மிஸி டோர்ச்சைத் திருப்பி மதினியின் கையில் அடித்தார். அப்போதுதான் அம்மியில் மஞ்சள் அரைத்துவிட்டு வந்த கை. அதுவும் வெளுத்துத் தெரிந்தது.

"இந்தச் சாமான் மஞ்சளைத் தின்னுது," என்றார் மிஸி.

கடைக்குள் ஓடி, விற்காமல் கிடந்த ஒற்றை பல்பு டோர்ச் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தேன். அதை அடித்ததும் பிள்ளை உச்சி முதல் உள்ளங்கால் வரை மஞ்சளாகிவிட்டாள். சுசீலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஆனால் படுக்கை விரிப்பும் மஞ்சள், மிஸியின் வெள்ளைச் சட்டையும் மஞ்சள். ஒரு டோர்ச் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்கிறது, இன்னொன்று எல்லாம் முடிந்தது என்கிறது. இரண்டும் நல்ல சாமான் என்று சொல்லி விற்றவன் நான்.

மறுபடி கடைக்கு ஓடினேன். மதினியின் மஞ்சள் கிழங்கு ஒன்றை மேசையில் வைத்து, ஒவ்வொரு டோர்ச்சாகப் போட்டு அதன்மேல் அடித்துப் பார்த்தேன். ஒன்றில் கிழங்கு பச்சை கலந்து தெரிந்தது, ஒன்றில் சாம்பல், ஒன்றில் செம்மண். பதினைந்து வருடமாக வெளிச்சம் விற்கிறேன், ஒரு நாளும் இதைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். உள்ளே பிள்ளை அப்படிக் கிடக்க, இங்கே நான் அடுத்த டோர்ச் என்ன நிறம் காட்டும் என்று ஆவலோடு நின்றேன். அது உறைத்தபோது வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் எரிந்தபடியே போட்டுவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

அங்கே மதினி, தான் நேற்று மஞ்சள் பூசித்தான் குளிப்பாட்டியதாகவும் அந்த நிறம்தான் இது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணுக்குள்ள பூசேல்லைத்தானே?" என்று கேட்டார் மிஸி.

கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பிள்ளை கண்ணைத் திறக்க வேண்டுமே. எந்த டோர்ச்சைக் கொண்டுபோனாலும் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். மிஸி இரண்டு டோர்ச்சையும் அணைத்துவிட்டு, பிள்ளையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். பகல் வெளிச்சத்துக்கு மேலே எதுவும் இல்லையாம்.

மதினி அறை வாசலை மறித்து நின்றார். "முப்பது நாள் கழியாத புள்ளைய பஜாருக்குத் தூக்கிட்டுப் போவாங்களா? மழைக்காத்து ஒரு பக்கம், ஊரு கண்ணு ஒரு பக்கம். ஏழு வருசத் தவமுங்க மிஸி."

மிஸி சுசீலாவைத்தான் பார்த்தார். சுசீலா பிள்ளையைத் துணியோடு வாரியெடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க கொண்டு போங்க," என்றாள். "அக்கா, வழி விடு."

அதுவரை நான் என் பெண்ணைத் தூக்கியதில்லை. கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்க எனக்குப் பயம். ஏந்தியபோது கனமே இல்லை, சூடு மட்டும்தான் இருந்தது. மதினியைத் தாண்டி, கடைக்குள்ளே மேசையைத் தாண்டி வந்து, தகரக் கூரையின் கீழே நின்றேன். மழை தூறலாகியிருந்தது. எதிரே தன் ஆட்டோவுக்குள் படுத்திருந்த ரவூப் எழுந்து உட்கார்ந்தார். நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார் மிஸி. நிமிர்த்தினேன். அவர் அவளுடைய காலைத் துணியிலிருந்து எடுத்து, உள்ளங்காலை அழுத்தி விட்டார். நான் அந்தக் காலைப் பார்க்கவில்லை.

நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இமை இரண்டும் ஒரு தடவை துடித்தன. பிறகு மெல்லப் பிரிந்தன. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் எனக்குக் காட்டாத கண்ணை அந்த மங்கிய மழை வெளிச்சத்தில் திறந்து என்னைப் பார்த்தாள். கருமணி இரண்டும் அசையாமல் நின்றன. சுற்றி வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. அதைப் பார்க்க மிஸியின் படிப்பு தேவைப்படவில்லை.

"மிஸி, என்னையப் பாக்குது," என்றேன்.

"ஓம், பாக்கிறா," என்றார் அவர். "ஆட்டோவைக் கூப்பிடுங்கோ."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ரவூப் அதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுசீலா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள், மிஸி குடையை மறந்துவிட்டு ஏறினார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கடை திறந்தபடியே கிடந்தது. மேசையில் மஞ்சள் கிழங்கைச் சுற்றி டோர்ச்சுகள் எல்லாம் நான் போட்டபடியே கிடந்தன. தெருவின் பகல் வெளிச்சத்திலிருந்து பார்க்கும்போது, அவற்றில் ஒன்றுகூட எரிவதாகத் தெரியவில்லை.