நாக்டிலூகாவுக்கு ஓர் எடுத்துக்காட்டு

மாலை நான்கு மணிக்கு அகராதியின் 'ந' பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும். மூன்றே காலுக்கு என் மேசையில் ஒரே ஒரு சொல் மீதி இருந்தது: நாக்டிலூகா.

பொருளை எழுதுவதில் சிக்கல் இருக்கவில்லை. 'கடல்நீரில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் உயிரி. இலத்தீனில், இரவில் ஒளிர்வது என்று பொருள். இருட்டில் நீர் கலங்கும்போது நீல ஒளி விடும்.' எழுதி ஒரு மாதமாகிறது. அதன் கீழே எடுத்துக்காட்டுக்கான இடம் மட்டும் காலி. எங்கள் அகராதியில் எடுத்துக்காட்டை நாங்களாக இட்டுக்கட்டக் கூடாது. யாரோ ஒருவர் உண்மையிலேயே சொன்ன வாக்கியமாக இருக்க வேண்டும். யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்று ஒரு சீட்டில் குறித்து, அவரிடம் அனுமதியும் வாங்க வேண்டும். வாக்கியம் கிடைக்காத சொல்லுக்கு அகராதியில் இடமில்லை.

"தூக்கிடலாமா?" என்றார் எதிர் மேசைக்காரர். மெய்ப்புப் பார்ப்பவர். கண்ட இடத்திலெல்லாம் குறி போடுவதால் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். "இத்தனை நாளும் இது இல்லாமதானே வாழ்ந்தோம்?"

"என்கிட்ட ஒரு வாக்கியம் இருக்கு சார்."

"இருந்தா குடும்மா. அடைகாக்கறியா?"

அடைகாத்துக்கொண்டுதான் இருந்தேன், இரண்டு வருடமாக.

அம்மா இறந்த மூன்றாவது வாரமே அக்கா ஆய்வுக் கப்பல் வேலைக்குத் திரும்பினாள். "அழுறதுக்குக்கூட உனக்கு லீவு கிடைக்கலையா?" என்று வாசலில் வைத்துக் கேட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான்கு மாதம் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் எஞ்சின் சத்தம். "நாக்டிலூகா பாத்தேன். சும்மா கெடந்தா வெறும் கறுப்புத் தண்ணிதான். கைய விட்டு அளைஞ்சா அஞ்சு விரலும் நீலமா எரியுது."

அவ்வளவுதான். அவள் எனக்கு விட்ட சமாதானத் தூது என்று எடுத்துக்கொண்டேன். பதில் மட்டும் போடவில்லை. முதலில் கோபம், பிறகு, இத்தனை நாள் கழித்து என்னவென்று போடுவது என்ற கூச்சம். ஒருத்திக்கு மட்டும் சமைத்து, துணைக்கு டிவியை ஓடவிட்டுச் சாப்பிடும் வீட்டில் அதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது.

மூன்றரைக்குப் படிக்கட்டுக்குப் போய் அழைத்தேன்.

"அக்கா, நான்தான்."

காற்று இரைச்சலுக்கு நடுவே அவள் குரல்: "என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆபீஸ் விஷயம்."

"அதானே பாத்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் வாக்கியத்தை மனப்பாடமாக ஒப்பித்தேன்.

"நானா இப்படிப் பேசினேன்? பரவாயில்லையே!" சிரித்தாள். "தாராளமா போட்டுக்கோ. சீக்கிரம் சொல்லு, கெளம்பப் போறோம்."

"யார்கிட்ட சொன்னதுன்னு சீட்டுல எழுதணும். என்கிட்டதானே?"

"உன்கிட்ட மட்டுமா? அன்னைக்கு கைக்கு வந்த நம்பருக்கெல்லாம் அனுப்பினேன்டி. பதினோரு பேருக்கு. பழைய வீட்டு ஓனருக்குக்கூடப் போச்சு."

இரண்டு வருடம் எனக்கே எனக்கென்று வைத்திருந்த வாக்கியம்.

"யார் பதில் போட்டாங்க?" கேட்டிருக்கக் கூடாது.

"வீட்டு ஓனர்தான். 'யார் நீங்க'ன்னு."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. மறுமுனையில் கப்பல் சங்கு ஊதியது. "சரி, வெச்சிடறேன். கொஞ்ச நேரத்துல டவர் போயிடும்."

மேசைக்கு வந்து, 'யாரிடம்' என்ற இடத்தில் 'தங்கையிடம்' என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு, 'பதினோரு பேரிடம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

காற்புள்ளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பதினோரு பேரா? மேடைப் பேச்சாம்மா?"

"இல்ல சார். தனியாப் பேசினது."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரு குறியும் போடாமல் கையெழுத்திட்டார். நான்கு மணிக்கு 'ந' முழுசாகக் கீழே அச்சகத்துக்கு இறங்கிப் போனது.

போனை எடுத்து அந்தப் பழைய செய்திக்கு வந்தேன். எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் 'தண்ணி சில்லுனு இருந்துதாக்கா?' என்று அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது, அவளைப் போய்ச் சேரவில்லை.

அன்று சமைக்கும்போது டிவியைப் போடவில்லை. போன் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் ஒற்றை டிக்தான்.