வால்வில் தொங்கிய சாவி

பலகையில் ‘தீப்பாதுகாப்புப் பராமரிப்பு நிறுவனம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே போனால் அக்காவும் தம்பியும் மட்டும்தான். ஏணியும் குழாயும் தம்பியின் பொறுப்பு. தொலைபேசியும் தாள்களும், அவசரமென்றால் வேன் ஓட்டுவதும் அக்காவின் பொறுப்பு. அன்று அந்தச் சின்ன அறையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தணிக்கையாளர் வந்திருந்தார்.

சிவப்புச் சாயமும் ஒரு வேனும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ‘சோதித்தாயிற்று’ என்று அட்டை மாட்டிவிட்டுப் போகலாம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது, பராமரிப்பவர் பக்கமும் சாயாத, கட்டிடக்காரர் பக்கமும் சாயாத ஒரு சுயேச்சை அமைப்பு வந்து வேலையைப் பார்த்துச் சான்று தர வேண்டும். பெரிய மருத்துவமனை அவர்களுக்கு வேலை கொடுக்கச் சம்மதித்திருந்தது, அந்தச் சான்று கைக்கு வந்தால். அக்கா அதைக் கண்ணாடிச் சட்டத்தில் கனவு கண்டு, மேசைக்கு மேலே ஆணிகூட அடித்து வைத்திருந்தாள்.

“டீ சொல்லட்டுமா சார்?”

“வேணாம்மா, கொண்டு வந்திருக்கேன்.” தன் பிளாஸ்கைத் தொட்டுக் காட்டினார்.

“எங்க டீயில சர்க்கரைதான் சார் போடுவோம். சிபாரிசு போட மாட்டோம்” என்றான் தம்பி.

தணிக்கையாளர் சிரிக்கவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது. மெல்லிய குரல் அவருக்கு. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுவது போலக் கேட்டது. மின்விசிறி சுற்றிய சுற்றில் அக்காவுக்கு ஒவ்வொரு கேள்வியும் தூரத்திலிருந்து மிதந்து வந்தது.

“வேலைக்காக வால்வை மூடுறீங்க. திரும்பத் திறந்தீங்கன்னு என்ன நிச்சயம்?”

தம்பியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவன் காத்திருந்தான். “அதுக்கு நான் ஒரு வழி வெச்சிருக்கேன் சார். வால்வை மூடின கையோட வேன் சாவியை அந்தச் சக்கரத்துலயே மாட்டிடுவேன். வேலை முடிஞ்சு கிளம்பணும்னா சாவி வேணும். சாவிக்குப் போனா வால்வு முன்னாடி நின்னுதான் ஆகணும். மறக்கணும்னு நினைச்சாலும் மறக்க முடியாது!”

சாவியை எடுத்துக் காட்டுவதற்காகச் சட்டைப் பையைத் தடவினான். பிறகு கால்சட்டைப் பையை. “அக்கா, சாவி உன்கிட்டயா இருக்கு?”

அக்காவின் கை கைப்பைக்குள் போனது. அங்கே இருந்தது மாற்றுச் சாவி. தம்பி எதையாவது தொலைத்துக்கொண்டே இருக்கிறான் என்று அவளே போன வாரம் செய்துவாங்கியது.

மின்விசிறி நின்றுவிட்டது போலிருந்தது. முந்தாநாள் செவிலியர் விடுதியில், மேல்மாடிக் கூரையில் ஒழுகிய, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான் ஒன்றைத் தம்பி அப்போதுதான் மாற்றி முடித்திருந்தான். அதற்காக வால்வை மூடிக் குழாயைக் காலி செய்திருந்தான். பக்கத்துத் தெருக் கடையில் அபாயமணி நிற்காமல் அலறுகிறது என்று அழைப்பு வந்தது. அவள் மாற்றுச் சாவியைப் போட்டு வேனைக் கிளப்பி ஹார்ன் அடித்தாள். அவன் முன்படியில் ஓடிவந்து ஏறிக்கொண்டான். அதன்பின் வேனை ஓட்டியதெல்லாம் அவள்தான். வால்வோ பின்பக்க நிலவறையில் இருந்தது. அது மூடிக்கிடந்தால் மணியடித்துச் சொல்லும் வசதி அந்தப் பழைய கட்டிடத்தில் இல்லை.

தணிக்கையாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவர் போனதும் ஓடிப்போய்த் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அக்கா ஆணியைப் பார்த்தாள். ஆணிக்குப் பின்னால் சுவர் கரைந்து, இழுத்துவிட்ட திரைகளும் வரிசையான கட்டில்களும் தெரிந்தன. இரவுப்பணி முடித்த பெண்கள் இந்த நேரத்தில்தான் தூங்குவார்கள். அவர்களுக்கு மேலே, குழாய் முழுக்க வெறும் காற்று.

“சார், நிறுத்துங்க. செவிலியர் விடுதியில வால்வு மூடிக் கிடக்கு.”

“என்னக்கா உளர்ற?”

“அன்னிக்கு வண்டியை எதை வெச்சு கிளப்பினேன்னு நினைச்ச?” மாற்றுச் சாவியை மேசைமேல் வைத்தாள். தம்பி அதையே பார்த்தான்.

அக்கா விடுதிக் காப்பாளரை அழைத்து, நாங்கள் வரும்வரை மாடி மாடியாக நடந்து பார்த்துக்கொண்டே இருங்கள் என்றாள். தணிக்கையாளர் எழுந்தார். “நானும் வரேன்.”

வேனில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

விடுதிக்குள் நட்டநடுப் பகலில் ராத்திரி நடந்துகொண்டிருந்தது. திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. கதவுகளுக்கு வெளியே செருப்புகள்கூடத் தூங்குவதுபோல் கிடந்தன. காப்பாளர் அம்மாள் மூச்சு வாங்க இறங்கி வந்து விரலை உதட்டில் வைத்தாள். “சத்தம் போட்டீங்கன்னா தொலைச்சுடுவேன். இப்பதான் கண்ணசந்திருக்குதுங்க.”

நிலவறையில், சிவப்புச் சக்கரத்தில், சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் சொன்னபடியே, அவன் மாட்டியபடியே. வராத ஆளுக்காகக் காத்திருப்பதுபோல்.

“வெட்கமா இருக்குக்கா.”

“அப்புறமா வெட்கப்படு. முதல்ல திற.”

மேல்மாடியில் காற்று வெளியேற ஒரு சின்னக் குழாயைத் திறந்து வைக்க அக்கா படியேறினாள். தணிக்கையாளர் கூடவே வந்தார். கீழே தம்பி சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். அவசரப்பட்டால் குழாய் அதிரும். முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு கூரைக்குள் ஏதோ ஒன்று நடந்து வருவதுபோல், அறை அறையாக, மாடி மாடியாகத் தண்ணீர் ஏறியது. தூங்குகிறவர்களின் தலைக்கு மேலே அது தன் இடத்தைத் தேடிப் படுத்துக்கொள்ளும் ஓசையை அக்கா அண்ணாந்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள்.

ஒரு கதவு திறந்தது. தலை கலைந்த ஒரு பெண், கண் பாதி மூடியபடி, “மழையாக்கா?” என்றாள்.

“இல்லம்மா. தண்ணி வந்துடுச்சு. நீ தூங்கு.”

“குளிக்கிறதுக்கா?”

“இல்ல. அது பாட்டுக்கு இருக்கும்.”

பெண் தலையாட்டிவிட்டுக் கனவுக்குள் திரும்பிப் போனாள்.

காற்றுக்குழாயில் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் அக்கா அதை மூடினாள். இருவரும் நிலவறைக்கு இறங்கி வந்தபோது, தண்ணீரின் அழுத்தம் காட்டும் மானியின் முள் ஏறி நின்றிருந்தது. தணிக்கையாளர் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“இன்னிக்குச் சான்று தர முடியாதும்மா. சரிசெஞ்சதைக் காட்டுங்க, திரும்ப வந்து பார்க்கறேன். ஆனா அதுவரைக்கும் மருத்துவமனை உங்களுக்காகக் காத்திருக்காது.”

“தெரியும் சார்.”

“எப்படிச் சரிசெய்வீங்க?”

அக்கா தம்பியின் கையிலிருந்த சாவியை வாங்கினாள். வளையத்தை நகத்தால் நெம்பி, மாற்றுச் சாவியையும் அதிலேயே கோத்தாள். “இனிமே ரெண்டும் ஒண்ணாத்தான் சார் தொங்கும். கிளம்பறதுக்கு முன்னாடி முள்ளை நானும் வந்து பார்ப்பேன்.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அக்கா சாவிக்கொத்தை எங்கே வைப்பது என்று தேடினாள். பிறகு அந்த ஆணியிலேயே மாட்டினாள்.

“பரவால்லக்கா, ஆணி வீணாகல” என்றான் தம்பி.

“வாயை மூடிட்டுப் போய் டீ சொல்லு.”