விருப்பு வாக்கு

தேர்தல் முடிவு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. திகாமடுல்ல மாவட்டத்தில் கட்சிக்கு ஓர் ஆசனம்தான் கிடைத்தது. அது விருப்பு வாக்கில் முதலில் வந்த சட்டத்தரணிக்குப் போனது. சுஹறாவுக்கு ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு விருப்பு வாக்குகள். அது வெல்லக் காணாது. ஆனால் கல்முனையில் ஒரு பெண்ணுக்கு அத்தனை பேர் புள்ளடி போடுவார்கள் என்று கட்சிக்காரர்களே நினைத்திருக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் அவள் மிட்வைஃப்பாக வேலை செய்தவள். சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலுமாக ஏறி இறங்காத வீடில்லை. இன்று தாடி வைத்துக்கொண்டு திரியும் பாதிப்பேரின் நிறையைப் பிறந்த கிழமையில் தராசில் தூக்கிப் பார்த்தவள். ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில்தான் கட்சியின் அமைப்பாளர் றிஷாட் வந்து, பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் வேண்டும், நீங்கள் சும்மா பெயரை மட்டும் தாருங்கள் என்று கேட்டார். அவளும் சும்மாதான் கொடுத்தாள்.

மைக்கைப் பிடித்த பிறகுதான் எல்லாம் மாறியது. பெண்களுக்கென்று வைத்த ஒரு கூட்டத்தில், எழுதிக் கொடுத்த தாளை வாசித்து முடித்துவிட்டு, அவள் தாளை மடித்தாள். மடித்த பிறகும் இறங்கி வரவில்லை.

“எனக்குக் கலியாணக் காவின் எழுதக்குள்ள வயசு பதினேழு. எனக்கு அழகாக் கையெழுத்து வைக்கத் தெரியும். மாப்பிள்ள வச்சாரு, வாப்பா வச்சாரு, சாட்சிக்காரங்க வச்சாங்க. அந்தப் புத்தகத்த ஒருத்தரும் எனக்கிட்டக் கொண்டரல்ல. இண்டைக்கும் எங்கட புள்ளையளுக்கிட்டக் கொண்டாறாங்க இல்ல. சட்டத்துல பொண்ணுட கையெழுத்துக்கு இடமில்லயாம். அந்த இடத்தக் கேக்கத்தான் நான் போகணும்.”

பிறகு பின்வரிசையில் யாரோ ஒருத்தி குரவையிட்டாள். அடுத்து இன்னொருத்தி. கலியாண வீட்டில் கேட்கும் அந்தச் சத்தம் கூட்டம் முழுக்கப் பரவியபோது, சுஹறா மைக்கை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில், தனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது என்பதை அவள் அந்த மேடையில்தான் கண்டுகொண்டாள்.

கடைசிக் கூட்டத்தில் கட்சித் தலைவரே கல்முனைக்கு வந்தார். தேசியப் பட்டியலில் ஒரு இடம் கிடைத்தால் முதல் பெயர் சுஹறா மிஸ்தான் என்று ஆயிரக்கணக்கானோர் முன்னால் சொன்னார். இப்போது நாடு முழுக்க விழுந்த வாக்குகளைக் கூட்டிப் பார்த்ததில் அந்த ஓர் இடம் கிடைத்திருந்தது. ஒரு கிழமைக்குள் கட்சி பெயரைக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் கிழமை வீட்டில் கால் வைக்க இடமில்லை. வீடு மகள் பஸ்மினாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. சுஹறாவும் புருசன் பஸாலும் பின்பக்க அறையில் இருந்தார்கள். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றியே பஸ்மினாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இப்போதே எல்லோரும் தன்னை எம்பீட மகள் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றாள். றிஷாட் நாளுக்கு இரண்டு தரம் போன் எடுத்தார். திடீரென்று கொழும்புக்கு வரவேண்டி வரும், ஆயத்தமாக இருங்கள் என்றார். சுஹறா வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் குளிக்கப் போகும்போதும் போனைக் கதவடியில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை சபூறா என்ற பெண் வந்தாள். கடற்கரைப் பக்கம், மீன் வாடிக்குப் பின்னால் வீடு. அவளுடைய மகளைப் பதினைந்து வயதில் கட்டிக் கொடுத்ததும், பதினாறில் அவள் பிள்ளையோடு திரும்பி வந்ததும் சுஹறாவுக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்கு நிறை ஏறவில்லையென்று மாதக்கணக்காக அந்த வீட்டுக்குத் திரிந்தவள் சுஹறாதான். சபூறா வந்து குந்தவுமில்லை, தேத்தண்ணீர் குடிக்கவுமில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்.

“மிஸ், அண்டைக்கு மேடயில சொன்ன கதய அங்க போயும் சொல்லுவீங்களா?”

“ஓம். சொல்லுவன்.”

“அது போதும்” என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

புதன்கிழமை மழை. ளுஹர் தொழுகை முடிந்த நேரம் றிஷாட் ஒரு கோப்போடு வந்தார். உள்ளே தட்டச்சு செய்த ஒரு கடிதம். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, முதலில் தலைவர் கதைக்கிறார் என்று போனை நீட்டினார்.

தலைவரின் குரல் இதமாகத்தான் இருந்தது. பெயர் உங்களுடையதுதான், மாற்றமில்லை என்றார். ஆனால் மேடையில் சொன்ன அந்தக் கையெழுத்துக் கதைக்கு எதிராக மூன்று ஊர்களின் பள்ளிவாசல் சம்மேளனங்கள் தன்னிடம் வந்திருக்கின்றன, அவர்கள் விலகினால் வரப்போகும் மாநகர சபைத் தேர்தலில் கட்சி எழும்பாது என்றார். தனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், தான் அந்தக் கதைக்கு விரோதியில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் பொய் சொல்வதாகச் சுஹறாவுக்குப் படவில்லை. மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல ராத்தா என்றுதான் கூப்பிட்டார்.

“ராத்தா, அந்த ஒரு விசயத்த மட்டும் அஞ்சு வருசத்துக்கு மடிச்சு வைங்க. மத்ததெல்லாம் கதைங்க. கடிதத்துல ஒரு கையெழுத்து வச்சுத் தந்தாப் போதும்.”

அஸர் தொழுகைக்குப் பிறகு சொல்கிறேன் என்றாள் அவள். றிஷாட் கடிதத்தை விட்டுவிட்டுப் போனார்.

பின்பக்க அறையில் தனியே உட்கார்ந்து அதை இரண்டு தரம் வாசித்தாள். திருமணச் சட்டம் தொடர்பாகக் கட்சியின் நிலைப்பாட்டுக்கு அப்பால் எதுவும் பேசமாட்டேன் என்று நான்கு வரிகள். ஐந்து வருடம் என்பது என்ன, கண்ணை மூடித் திறக்க ஓடிவிடும் என்று நினைத்தாள். அங்கே போய்ச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. மூன்று பேர் பார்க்க வேண்டிய பிரிவுகளை ஒரே மிட்வைஃப் பார்க்கிறாள். மழைக்காலத்தில் சொறிக்கல்முனைப் பக்கத்துக் கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்துபோகப் படும் பாடு இருக்கிறது. இதையெல்லாம் கதைக்கத் தன்னைவிட யார் இருக்கிறார்கள்? அந்தச் சபையில் எழும்பி நிற்பதையும், எல்லாரும் தன் பக்கம் திரும்புவதையும் நினைத்தபோது, அவள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பேனையை எடுத்தாள். திகதி போட்டாள். அதன் கீழே பேனை நின்றுவிட்டது.

பஸால் வயல் வட்டையிலிருந்து வந்து, குழாயடியில் காலில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரும்போகத்துக்கு நெல் விதைத்து இரண்டு கிழமை. மழைத் தண்ணீர் கூடினால் முளை அழுகிவிடும் என்று காலையிலேயே வாய்க்கால் வெட்டப் போனவர். அவள் வெளியே வந்து அவரிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் துவாயால் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முப்பது ஏக்கர் வயல்காரர் ஒருவரிடம் குத்தகைக்குச் செய்கிற மனிதர். அதிகம் கதைக்க மாட்டார்.

“பஸ்மிட வாப்பா, ஒண்டு கேக்கன். எனக்குச் சம்மதமெண்டு நம்மட காவினண்டைக்கு ஒங்களுக்கு ஆரு சொன்ன?”

“ஒன்ட வாப்பாதான் சொன்னாரு.”

“நான் சொல்லல்லயே.”

அவர் துவாயைத் தோளில் போட்டார். நாற்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு பேச்சு இருவருக்கும் இடையில் வந்ததில்லை.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?” என்றார், கொஞ்சம் பயந்த மாதிரி.

“ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். ஆனாக் கேட்டிருக்கலாம்.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. கடிதத்துக்கு என்ன செய்ய என்று அவள் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

“அதுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன் புள்ள. கேட்டிரிக்கிற ஒன்னட்ட. நீதான் சொல்லணும்.”

அஸர் தொழுதுவிட்டு அவளே தலைவருக்குப் போன் எடுத்தாள். கையெழுத்து வைக்க ஏலாது என்றாள். நல்லாக யோசித்தீர்களா என்று அவர் கேட்டார். ஓம் என்றாள். “ஆச இல்லயா ராத்தா?” என்றார் அவர்.

“ஆச இரிக்கி சேர். நெறய இரிக்கி” என்றாள் சுஹறா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் பெயர் வெளிவந்துவிட்டது. வேறு மாவட்டத்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர். போனில் எல்லாருடைய முகநூலிலும் அவருடைய படம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் அனுதாபம் சொல்ல வந்தவர்கள். கட்சி எங்கள் ஊரை ஏமாற்றிவிட்டது என்று இளந்தாரிகள் சந்தியில் டயர் எரித்தார்கள். கிடைத்ததை வேண்டாமென்று சொன்ன திமிர் பிடித்தவள் என்றும் ஒரு கதை உலாவியது. றிஷாட் போன் எடுக்கவில்லை. தனக்கு அவ்வளவாக வலிக்காது என்று சுஹறா நினைத்திருந்தாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பஸ்மினாதான் தாங்கமுடியாமல் அழுதாள். “ஒரு கையெழுத்துத்தானே உம்மா. வச்சிட்டுப் போயிரிந்தா அங்க நிண்டாவது இரிப்பீங்க.”

மகள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. புதிதாகப் போனவர் அந்தச் சட்டத்தைப் பற்றி வாய் திறக்கப் போவதில்லை. தான் போயிருந்தாலும் ஐந்து வருடம் திறந்திருக்க முடியாது. யாருக்கு என்ன இலாபம் என்று கணக்குப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. சபூறாவைக் கடைத்தெருவில் கண்டபோது மட்டும் அவளால் நேரே முகம் பார்த்துச் சலாம் சொல்ல முடிந்தது.

புதிய பாராளுமன்றம் கூடிய அன்று, வட்டைக்குப் போக வேண்டிய பஸால் போகவில்லை. கேட்டதற்கு, இன்றைக்கு அங்கே வேலை இல்லை என்றார். இருவருமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். இந்தத் தடவை பெண்கள் கூடுதல். ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். ஒரு ஊழியர் வந்து இடத்தைக் காட்டினார். தனக்கும் அப்படித்தான் ஒருவர் காட்டியிருப்பார் என்று சுஹறா நினைத்தாள். கமரா மெல்ல நகர்ந்து பின்வரிசைகளைக் காட்டியது. அவள் ஒவ்வொரு கதிரையாகப் பார்த்தாள்.

“கௌரவ சபாநாயகர் அவர்களே” என்றாள், தன்னை அறியாமல், வாய்விட்டு.

பஸால் றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“சொல்லு. நான் கேக்கன்.”

அவள் நிமிர்ந்து இரண்டு வசனம் சொன்னாள். மூன்றாவது வசனத்தில் நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியது முழுக்க உள்ளே இருந்தது, ஒரு சொல்லும் குறையாமல்.

“இஞ்ச சொல்றதில்ல அது” என்றாள். “அங்க சொல்லணும்.”

அவர் ஓம் என்று தலையசைத்துவிட்டு மறுபடி சத்தத்தைக் கூட்டினார். சபை கலைந்து கடைசி ஆள் எழும்பிப் போகும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.