ஷிபாவுக்கு எவ்வளவு சீனி?

கொட்டாம்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சேக் இஸ்மாயிலின் மகள் ஷிபா, பசுமலையில் கல்லூரி விடுதிக்கு வந்த முதல் நாள் சாயங்காலமே சீனி டப்பாவின் முன்னால் திணறிப்போய் நின்றாள்.

அந்த விடுதியில் டீயைச் சீனியில்லாமல் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஷிபா கரண்டியைக் கையில் பிடித்தபடி யோசித்தாள். பின்னால் வரிசை நீண்டது.

"எம்புட்டு போடுவ நீ?" என்றாள் ஹெப்சிபா. அறைத்தோழி, திண்டுக்கல் வாத்தியார் வீட்டுப் பெண்.

"தெரியலையே."

வரிசையே சிரித்தது. ஆனால் அவள் சொன்னது சத்தியமான உண்மை. அத்தா சேக் இஸ்மாயிலுக்கு இரண்டு கரண்டி, டீ கறுத்துக் கிடக்க வேண்டும். அம்மாவுக்கு முக்கால் கரண்டி. தம்பி ஆசிப்புக்கு இஞ்சி வாடையே ஆகாது. கடையில் வேலை பார்க்கும் அருள்பாண்டி அண்ணனுக்கு ஏலக்காய் இல்லையென்றால் முகம் தொங்கிவிடும். எட்டாம் வகுப்பிலிருந்து வீட்டின் நாலு மணி டீ ஷிபாவின் பொறுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எல்லோருடைய அளவையும் சொல்வாள். எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, சட்டியில் மிஞ்சி ஆறிக் கிடப்பதை அடுப்படியில் நின்றபடியே ஒரே மடக்கில் குடிப்பாள். அதில் சீனி இருந்ததா இல்லையா என்று யார் கவனித்தார்கள்?

விடுதிக்கு வந்த பிறகும் அந்த வேலை அவளை விடவில்லை. டம்ளரோடு உட்கார்ந்தால் போதும், வீடியோ கால் வந்துவிடும். ஆசிப் போனைச் சட்டிக்கு நேராகக் காட்டுவான்.

"அக்கா, இந்தக் கலரு போதுமா?"

"இன்னும் ஒரு கொதி விடு. அடுப்பக் கொறச்சு வை. டேய், கரண்டிய எடு."

இப்படி கொட்டாம்பட்டி டீ கொதித்து இறங்குவதற்குள் பசுமலை டீ ஆடை கட்டிவிடும். ஷிபாவுக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. புது ஊரில் யாருக்கும் அவளைத் தெரியாது. வீட்டில் அவள் இல்லாமல் ஒரு டீ இறங்கவில்லை என்பதில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாள் போனில் அத்தாவின் முகம் வரும்வரை.

"நீ இல்லாம டீயே டீயா இல்லம்மா. நம்ம பக்கத்துலயே ஒரு காலேஜ் பாத்துருவோமா? சனிக்கிழமை வாரேன், பேசிக்கிடலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அத்தா "பேசிக்கிடலாம்" என்றால் பாதி முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். வேதியியல் படிக்க வேண்டும், இந்தக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்று ஒரு மாதம் வீட்டில் மல்லுக்கட்டி வாங்கிய இடம் இது. ஒரு சட்டி டீயில் அது கரையப் போகிறதே!

ஹெப்சிபா டீ குடிக்கும் அழகே தனி. போனை அறையில் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள். டம்ளர் காலியாகும்வரை வாயே திறக்க மாட்டாள். விடுதி இடிந்து விழுந்தாலும் குடித்து முடித்துவிட்டுத்தான் ஓடுவாள்.

"டீ குடிக்கிறப்ப டீ மட்டும்தான் குடிக்கணும். நடுவுல பேசுனா அது கோவிச்சுக்கிடும்" என்பாள்.

வியாழக்கிழமை ஷிபாவும் போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போனாள். வேண்டுமென்றேதான். அரைக் கரண்டி சீனி போட்டாள், சப்பென்று இருந்தது. இன்னும் அரைக் கரண்டி போட்டாள், சரியாக இருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சுட்ட டம்ளரைத் துப்பட்டா நுனியால் பிடித்துக்கொண்டாள். முதல் வாய் நாக்கைச் சுட்டுவிட்டது. ஊதி ஊதி அடுத்த வாய் குடித்தாள். தூள் வாசனை மூக்கில் ஏறியது. துவர்ப்பு முதலில் வந்தது, இனிப்பு பிறகு மெதுவாக வந்தது. நல்ல டீ என்று சொல்லிவிட முடியாது, பாலைவிடத் தண்ணீர் தாராளம். ஆனாலும் முழு டம்ளர், சுடச்சுட, அவளுக்கே அவளுக்கு. அவ்வளவு பெரிய சந்தோஷம் அதில் இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

அறைக்கு வந்தால் போன் முழுக்க மிஸ்டு கால். பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"அத்தாவே அடுப்படிக்குப் போயிட்டாருக்கா. அடுப்பு பூரா பால்" என்று ஆசிப் சொல்லி முடிப்பதற்குள் அத்தா போனை வாங்கிவிட்டார்.

"எங்கம்மா போயிருந்த?"

"டீ குடிச்சிட்டு இருந்தேன் அத்தா. ஆறிப்போகும்னு போனை ரூம்லயே வச்சிட்டேன்."

"சரி. சனிக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டு அத்தா வைத்துவிட்டார். அதன் பிறகு ஷிபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை பார்வையாளர் பெஞ்சில் அத்தா ஒரு பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். பிளாஸ்கைப் பார்த்ததும் ஷிபா பழக்க தோஷத்தில் டம்ளர் எடுத்துவரத் திரும்பினாள்.

"நீ உக்காரு" என்றார் அத்தா. அவரே மூடியில் ஊற்றினார். கொஞ்சம் சட்டையிலும் ஊற்றிக்கொண்டார். "உங்கம்மாகிட்டக் கேட்டேன், ஷிபாவுக்கு எம்புட்டு சீனி போடணும்னு. தெரியலைங்கிறா. ஆசிப்பும் முழிக்கிறான். எனக்கும் தெரியல. இம்புட்டு வருசமா உன் கையால குடிச்சிருக்கோம்." சட்டையில் சிந்தியதைத் துடைத்துக்கொண்டார். "அதான் என் அளவுக்கே போட்டுக் கொண்டாந்துட்டேன்."

ஷிபா எதுவும் பேசாமல் மெதுவாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி அத்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"சீனி அதிகம் அத்தா. எனக்கு ஒரு கரண்டிதான்."

"ஒரு கரண்டி" என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிளாஸ்கை மூடிப் பையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"காலேஜ் விசயமா ஏதோ பேசணும்னீங்களே அத்தா?"

"அதான் பேசியாச்சுல்ல" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே. "அடுத்த சனிக்கிழமை ஒரு கரண்டி போட்டுக் கொண்டாரேன்."