திரையில் ஒருவரும் இல்லை

சாம்பல், சாம்பலுக்குள் இன்னும் கொஞ்சம் சாம்பல், பாறை இருக்கும் இடம் மட்டும் கருக்கலாக, உயிருள்ளது எதுவானாலும் உடம்புச் சூட்டால் வெள்ளையாகத் தெரியும் என்றார்கள், வெள்ளையாக ஒரு புள்ளிகூட இல்லை, பனிச்சரிவின் மேல் ட்ரோன் நகர நகரத் திரையும் நகர்கிறது, எத்திராஜ் பார்த்துக்கொண்டே இருக்கிறான், இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தான், அது போன மாதம், எல்லையில், மலை உச்சி போஸ்டில், இப்போது அவன் உட்கார்ந்திருப்பது ராணுவ மருத்துவமனையின் தாழ்வாரத்தில், மடியில் ஒரு ஃபைல், அதற்குள் ஒரே ஒரு தாள், வார்டில் படுத்திருக்கும் லான்ஸ் நாயக் ஜெபநேசனிடம் அதில் கையெழுத்து வாங்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் ஒரே பாஷைக்காரர்கள், பேசி முடித்துவிட்டு வா ஹவில்தார் என்று மேஜர் அனுப்பிவிட்டார், எவ்வளவு சுலபமாக அனுப்பிவிட்டார். தேடுதல் கருவி முறையாக இயங்கியது, காணாமல்போன வீரர் அதற்குச் சைகை காட்டத் தவறினார், தாளில் இருப்பது அவ்வளவுதான், இதை ஜெபநேசன் ஒப்புக்கொண்டால் கருவி பிழைத்தது, வாங்கியவர்கள் பிழைத்தார்கள், அவன் மட்டும் கவனக்குறைவுக்காரன் என்ற பெயரோடு ஊர்போய்ச் சேருவான்.

அந்த எழவெடுத்த ட்ரோன் வந்த நாளிலிருந்தே எத்திராஜுக்கு ஆத்திரம், டை கட்டிய ஒருவன் ஹெலிகாப்டரில் வந்திறங்கி, இனி நீங்கள் மலையேறவே வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் மலை தெரியும் என்று சிரித்தான், மூச்சுத் திணறி மாத்திரை போட்டுக்கொண்டு அன்றைக்கே இறங்கியும் போனான், பேட்டரி குளிரில் பத்து நிமிடம்கூடத் தாங்காது என்று அப்புறம்தான் தெரிந்தது, அதை அக்குளில் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு தூங்குகிறது பட்டாளம், மிஷினுக்கு மனுஷன் காவலா, மனுஷனுக்கு மிஷின் காவலா என்று ஜெபநேசன் கேலி செய்வான். முன்பெல்லாம் இந்த போஸ்டிலிருந்து நாலு பேர், அடுத்த போஸ்டிலிருந்து நாலு பேர், தினமும் கிளம்பி நடுவழியில் சந்திப்பார்கள், கைகொடுத்து, ஒரு ஃபிளாஸ்க் டீயைப் பங்குபோட்டுவிட்டுத் திரும்புவார்கள், ஒரு பக்கம் வராவிட்டால் மற்றப் பக்கம் தேடிப்போகும், யாரும் உத்தரவு கேட்க மாட்டார்கள், ட்ரோன் பார்த்துக்கொள்ளும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. டிவியில் யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஜெனரல், இனிச் சண்டையெல்லாம் திரைக்கு முன்னால்தான், காலாட்படைக்கு அங்கே என்ன வேலை என்கிறார், என்ன வேலையா, பேட்டரியைச் சூடாக வைத்திருக்கும் வேலை, வேறென்ன.

அன்றைக்கு மத்தியானம் டெலிபோன் கேபிளைச் சரிபார்க்கப் போன இரண்டு பேரில் ஒருவன்தான் திரும்பி வந்தான், பனி சரிந்துவிட்டது, ஜெபநேசனைக் காணோம் என்று மூச்சிரைக்கச் சொன்னான், பத்தாவது நிமிடம் ட்ரோன் மேலே, மூன்று முறை போய் வந்தது, சாம்பல், வெறும் சாம்பல், நாலு பேரோடு நடந்து போய்ப் பார்க்கிறேன் சார் என்று எத்திராஜ் கேட்கிறான், மேஜர் திரையைக் காட்டுகிறார், சூடே இல்லை ஹவில்தார், ஆள் பனிக்கு அடியில் போயிருப்பான், இன்னொரு சரிவு வந்தால் உங்கள் நாலு பேரை யார் தேடுவது, அதுவும் நியாயம்தான், அதுதான் வயிற்றெரிச்சல், சரி சார் என்று விறைத்து நின்றானே, இரண்டு மணிநேரம் நின்றானே. கடைசியில் அனுமதி வாங்கிப் போனபோது அரை மணியில் கிடைத்துவிட்டான், பாதையிலிருந்து பத்தடி, பாறை ஓரம், ஒருவன் கால் இடறிய இடத்தில் ஜெபநேசனின் பூட்ஸ், கால் முறிந்து, வெள்ளைப் போர்வைக்குள் சுருண்டு, உயிரோடு. அந்தப் போர்வை ஞாபகம் வரும்போதெல்லாம் எத்திராஜ் வேறெதையாவது நினைத்துக்கொள்வான், குளிருக்குப் போர்த்தியிருப்பான் பாவம், மிஷினுக்குத்தான் கண் அவிந்துபோச்சு என்று நாலு பேரிடம் திட்டித் தீர்ப்பான்.

வார்டுக்குள் போனான். ஜெபநேசனின் வலது கை முழுக்கக் கட்டு, குளிரில் விறைத்து நாலு விரல் போய்விட்டது, பெருவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, வாங்க உஸ்தாத் என்று சிரிக்கிறான், பயிற்சி கொடுத்தவனைப் பட்டாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், இரண்டே வயது மூத்தவனானாலும். எத்திராஜ் தாளைப் படித்துக் காட்டினான், இது பச்சைப் பொய், அந்தப் பாழாய்ப்போன மிஷின் உன் பக்கமே வந்திருக்காது, வந்திருந்தால் திரையில் தெரிந்திருக்கும், கையெழுத்துப் போடாதே என்று பொரிந்து தள்ளினான், ஜெபநேசன் மெதுவாகச் சொன்னான், வந்துச்சு உஸ்தாத், மூணு தடவ வந்துச்சு, ரெண்டாந்தடவ நேரா எனக்கு மேலதான் நின்னுச்சு. பின்ன ஏம்பா கையாட்டல என்றான் எத்திராஜ். எப்படி ஆட்டுவேன், சத்தம் கேட்டதும் போர்வைக்குள்ள போயிட்டேன்லா, வெளிய வரதுக்கு முன்ன முந்நூறு எண்ணணும்லா, எண்ணி முடிக்கிறதுக்குள்ள திரும்ப வந்துட்டு. நம்ம ட்ரோன்னு தெரியலியா என்றான் எத்திராஜ். தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, ஆனா நம்மளுதா எதிரியோடதான்னு யோசிக்கிறவன் செத்தான்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீய.

ஆமாம், அவன்தான் சொன்னான், அதே சரிவில், நல்ல வெயிலில், பதினோரு பேரை நிறுத்திவைத்துச் சொன்னான், உடம்புச் சூட்டை வெளியே காட்டாத அந்தப் போர்வைகளும் ட்ரோன் வந்த அதே ஹெலிகாப்டரில்தான் வந்தன, எதிரியின் ட்ரோனிலிருந்து ஒளிந்துகொள்ள, இவனே திரைக்கு முன்னால் உட்கார்ந்து தேடினான், ஒருவனுக்கு முழங்கை வெளியே, ஒருவனுக்கு நெற்றி, பத்து பேரும் பளிச்சென்று மாட்டிக்கொண்டார்கள், ஜெபநேசன் மட்டும் கடைசிவரை அகப்படவில்லை, எல்லார் முன்னாலும் அவன் தோளைத் தட்டி, மிஷினே இவன்கிட்ட தோத்துப்போச்சு, பார்த்துக் கத்துக்குங்கடா என்றான், எவ்வளவு பெருமை அப்போது. மிஷின் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, போர்வையும் சரியாக, ஜெபநேசனும் சரியாக, இனி யாரைத் திட்டுவது, இத்தனை நாள் ஊரெல்லாம் வாரி இறைத்த ஆத்திரம் மொத்தமும் திரும்பி வந்து அவன் மேலேயே விழுந்தது.

குடுங்க உஸ்தாத், எங்க வைக்கணும் என்று ஜெபநேசன் பெருவிரலை நீட்டினான், நீங்க கொண்டாந்திருக்கீய, வைக்கச் சொன்னா வச்சிருதேன். எத்திராஜ் தாளைத் தன் பக்கம் இழுத்தான், தவறினார் என்ற வரியை அடித்தான், ஹவில்தார் எத்திராஜ் கற்றுக்கொடுத்தபடியே மறைந்திருந்தார் என்று எழுதித் தன் படை எண்ணையும் போட்டான், நாயிப் சுபேதார் பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது, இனி இருக்காது, போகட்டும். என்ன எழுதுனீய என்று கேட்டவனிடம் படித்துக் காட்டினான். திங்கக்கிழம புதுசா இருவது பேரு வாராங்கல்லா, சத்தம் கேட்டா என்ன செய்யணும்னு அவங்களுக்குச் சொல்லுவீய, என்றான் ஜெபநேசன். ஒளிந்துகொள்ளச் சொல்வதா, கையை ஆட்டச் சொல்வதா, என்ன சொன்னாலும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளப் போகிறவனாக ஜெபநேசன் எத்திராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.