மழையின் வயது

முபாரக் கண்ணாடி மேசையின் மேல் மூன்று கருவிகளை வரிசையாக வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுபாங் விமானத் திடலுக்கு வெளியே, கடைவரிசையின் மாடியில், ஹெட்செட்டுகளும் வரைபடச் சுருள்களும் தொங்கும் சின்னக் கடை அது.

"தம்பிதான் பைலட்டா?"

"இல்ல. என் மனைவியோட அண்ணன்."

"அவரு வரலியா?"

"அவருக்கு எதுன்னாலும் சரியாம். அவங்க அம்மாதான் என்னை அனுப்புனாங்க."

"அம்மா சொல்லி ஜிபிஎஸ் வாங்க வந்த மொத ஆளு நீங்கதான் லா," என்று சிரித்தார்.

அவர் சிரித்ததில் தவறில்லை. நான் நீலாயில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளன். சிறு விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. வசந்தன் மச்சான் ஓட்டுவது இரண்டு பேர் உட்காரும் விமானம். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களின் மேல் தாழப் பறந்து படம் எடுத்துக் கொடுக்கிற வேலை. எந்த மரம் நோயில் மஞ்சளாகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று தோட்ட நிர்வாகங்கள் அந்தப் படங்களில் பார்த்துக்கொள்ளும். தம்பினுக்கு வெளியே ஓர் எஸ்டேட்டின் நடுவில், துரைமார் காலத்தில் போட்ட புல் ஓடுதளம் இருக்கிறது. அங்கே கோபுரம் கிடையாது, வானிலை சொல்ல ஆள் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்டும் ஒரு துணிப்பை. அவ்வளவுதான்.

போன மாதம் கோலா பிலா பக்கம் மச்சான் மழைக்குள் மாட்டிக்கொண்டார். முன்னால் ஒன்றும் தெரியாமல், கீழே தெரிந்த சாலையைப் பிடித்துக்கொண்டு ரெம்பாவ் வரை வந்து, அங்கிருந்து ஓடுதளத்துக்குத் திரும்பினார். அதை அத்தை வீட்டில் சாப்பிடும்போது சிரிப்புக் கதையாகச் சொன்னார். லாரிக்காரன் ஒருவன் அண்ணாந்து பார்த்து ஹாரன் அடித்தானாம். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"ஒன்ன மழைக்குக் குடுத்தாச்சி. இன்னொன்னு குடுக்க என்கிட்ட இல்ல. மழை காட்டுற மிஷின் இருக்குன்னு சொன்னியே, அது வர்ற வரைக்கும் நீ ஏறக் கூடாது. தம்பி படிச்சவரு. அவரு பாத்து வாங்கட்டும்."

"அம்மா, அது என்ன கிரைண்டரா, மாப்ள பாத்து வாங்க?"

"வாய மூடிட்டு சாப்புடு."

மழைக்குக் கொடுத்தது லோகேஸ்வரியை. என் மனைவி. லோபாக்கில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருந்தாள். ஒரு சனிக்கிழமை அம்மாவைப் பார்த்துவிட்டுத் தம்பினிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தாள். காலையில் வெயில். மாலையில் இருபது நிமிட மழை, காற்று. சாலையோர மரம் ஒன்று சாய்ந்தது. அந்த நேரம் அந்த இடத்தில் அவள் இருந்தாள். இதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கைப்பேசியில் மழை வரைபடம் பார்ப்பது. பச்சை, மஞ்சள், சிவப்பு. சிரம்பான் மலைகளின் மேல் அது மதியத்தில் பிறந்து, தெற்கே நகர்ந்து, மாலையில் கரைவதைத் தினமும் பார்க்கிறேன். எதற்கென்று தெரியாது. பார்க்காத நாள் தூக்கம் வருவதில்லை.

முபாரக் முதல் கருவியைத் தொட்டார். உள்ளங்கை அகலம், தடித்த பொத்தான்கள், வெயிலிலும் எழுத்து தெரியும் திரை. இணையத்தில் எல்லாரும் புகழ்ந்தது அதைத்தான். நானும் அதை வாங்கத்தான் போயிருந்தேன்.

"நல்ல சாமான். ஆனா இது மழை காட்டுறது அமெரிக்காவுல மட்டும்தான். அங்க மேலேர்ந்து அதுக்குன்னு ரேடியோ அனுப்புறான். நம்ம ஊர்ல இது வெறும் மேப்பு. நெறைய பேரு தெரியாம வாங்கிட்டு வந்து என்னைத் திட்டுவாங்க."

இரண்டாவது, செயற்கைக்கோள் வழியாகப் பேசுவது. காட்டுக்கு நடுவிலும் வேலை செய்யும். ஆனால் படம் காட்டாது. இடி, மழை, காற்று என்று இரண்டு வரி எழுத்தாக வரும். கேட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, சிம் போடும் டேப்லட். அதனோடு விமானக் கண்ணாடியில் ஒட்டும் சிறிய ஜிபிஎஸ் வில்லை. தாழப் பறக்கும்போது கைப்பேசிக் கோபுரங்களின் சிக்னல் கிடைக்கும். ரேடார் படம் வரைபடத்தின் மேல் நிறமாக விழும். விமானம் அதில் ஒரு நீல முக்கோணம்.

"சூடானா அணைஞ்சி போகும். வெயில்ல வைக்காம, ஏர் வர்ற எடத்துல மாட்டச் சொல்லுங்க. அப்பறம் இத பாருங்க." திரையின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன எண்ணை அவர் விரல் காட்டியது. "இதுதான் முக்கியம். இந்தப் படத்தோட வயசு. பதினொரு நிமிசம்னு போட்டிருக்கா? அப்போ நீங்க பாக்குறது இப்ப பெய்யிற மழை இல்ல. பதினொரு நிமிசம் முன்னாடி பெஞ்ச மழை. இத வச்சி மழையத் தூரமா சுத்திப் போகலாம். ரெண்டு மழைக்கு நடுவுல சந்து தெரியுதேன்னு பூந்தா, அங்க போறப்ப அந்தச் சந்து இருக்காது. அண்ணன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க."

நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பன்னிரண்டாக மாறியது.

எது நல்லது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவதுதான். இரண்டு வரி எழுத்தை நம்பி எவனும் சந்துக்குள் புகமாட்டான். வானத்தைப் பார்ப்பான், பயப்படுவான், திரும்புவான். ஆனால் அத்தைக்கு மழை கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் எழுத்தைக் காட்டினால், இது என்ன எஸ்எம்எஸ்ஸா என்று கேட்பார். மச்சானை ஏற விடமாட்டார். வேலைக்குப் போகாத மச்சானை நான் பார்த்திருக்கிறேன். பெரிய விமான நிறுவனம் ஆட்களைக் குறைத்த வருடம் அவர் வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நானும் இப்போது அப்படித்தான் உட்காருகிறேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் அப்படி உட்கார வேண்டாம் என்று நினைத்தேன். டேப்லட்டை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் அதைத் தயார் செய்தோம். புதிய சிம் வாங்கி வைத்திருந்தேன். அத்தை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"பாப்பா நம்பரு இருக்குல்ல?"

லோகேஸ்வரி அத்தைக்குப் பாப்பா, எனக்கு லோகா. லோகாவின் கைப்பேசி கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுவேன். எண் செத்துப் போகாமல் டாப்-அப் செய்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

"அதப் போடுங்க தம்பி. அண்ணன் மேல போறப்ப அவ கூட இருக்கட்டும்."

"அம்மா, அது மாப்ளகிட்ட இருக்கட்டும்மா. எதுக்கு அதெல்லாம்..." என்றார் மச்சான். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ சும்மா இரு. தம்பி போடுவாரு."

போட்டேன். அன்று காலையில் அந்தக் கைப்பேசியை எதற்காகவோ என் பையில் எடுத்து வைத்திருந்தேன். ஊசியால் குத்திச் சிம்மை எடுத்து டேப்லட்டில் செருகினேன். கீழிருந்து செய்தி அனுப்ப வேண்டும் என்பதால் டேப்லட்டில் வாட்சப்பும் ஏற்றினேன். லோகாவின் எண்ணைக் கேட்டது. குறியீடு வந்தது. அடித்தேன். அவளுடைய கைப்பேசியில், இந்த எண் இனி இதில் இல்லை என்று ஒரு வரி தோன்றியது. டேப்லட்டில் அவள் படம் வந்தது. போர்ட் டிக்சனில் நான் எடுத்தது, காற்றில் முடி முகத்தில் விழும் படம். என் கைப்பேசியைத் திறந்தேன். அவள் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று இருந்தது.

மாலையில் எஸ்டேட் முனியாண்டி கோயிலுக்குப் போனோம். புதுக் காருக்குச் செய்வதுபோல அத்தை டேப்லட்டின் பின்புறத்தில் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு பூசாரியையும் அழைத்துக்கொண்டு ஓடுதளத்துக்கு வந்து, விமானத்தின் மூன்று சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, மச்சானை அதன் மேல் உருட்டி வரச் சொன்னார். முன்சக்கரப் பழம் நசுங்காமல் நழுவி ஓடிவிட்டது. பூசாரி சன்னாசி அதை எடுத்து வந்து மறுபடி வைத்தார். "பிளேனுக்கு இப்பதான் மொத தடவ. பழகிக்கும்," என்றார். மச்சான் சிரித்தார். முபாரக் சொன்னதை அப்போது சொன்னேன். படத்தின் வயது, சந்து, எல்லாம்.

"தெரியும் மாப்ள. நான் பைலட்டு லா."

அதன் பிறகு ஒவ்வொரு முறை ஏறும்போதும் மச்சான் தான் இருக்கும் இடத்தை எனக்குப் பகிர்ந்தார். அத்தையின் கட்டளை. தொழிற்சாலையில் இருக்கும்போது கைப்பேசி துடிக்கும். எடுத்தால், லோகா தன் இடத்தைப் பகிர்கிறாள் என்று இருக்கும். வரைபடத்தில் ஒரு சிறிய வட்டம், அதற்குள் அவள் முகம். தம்பினைத் தாண்டும், செம்பனைப் பச்சையின் மேல் நேர்கோட்டில் போகும், திரும்பும், அடுத்த கோட்டில் வரும். வயல் உழுவதுபோல. உடன் வேலை செய்யும் ஷங்கர் ஒருநாள் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டான். பார்க்காததுபோல் போய்விட்டான். அதற்கு மேலே இருந்த எங்கள் பழைய செய்திகளுக்கு நான் போகவில்லை. அவள் கடைசியாக எழுதியது திரையின் விளிம்பில் ஒரு பாதி வரியாகத் தெரியும். புதிய இடப்பகிர்வுகள் வர வர அது மேலே மேலே போய் மறைந்தது. நான் தடுக்கவில்லை.

மச்சான் மாறினார். நான் பயந்தபடிதான். முன்பெல்லாம் மதியத்துக்கு மேல் ஏறமாட்டார். இப்போது, "ரெண்டு செவப்புக்கு நடுவுல ஒரு பச்ச வாய்க்கா கெடந்துச்சி பாரு மாப்ள, அதுலயே வந்துட்டேன்," என்று சாப்பிடும்போது சொன்னார். அத்தைக்கு அது பெருமையாக இருந்தது. "அவ காட்டுறா," என்றார்.

அந்தச் சனிக்கிழமை நானும் ஓடுதளத்தில் இருந்தேன். அத்தை டிபன் கேரியரோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். மச்சான் ஜெலபு பக்கம் ஒரு தோட்டத்தை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். மூன்று மணிக்கு மேல் சிரம்பான் மலை தெரியவில்லை. என் கைப்பேசியில் ரேடார் படத்தைத் திறந்தேன். இரண்டு சிவப்புத் திட்டுகள். நடுவில் அகலமான வெளி. லோகாவின் முகம் அந்த வெளியை நோக்கி வந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன். அந்தத் திசையில் வெளி இல்லை. ஒரே கறுப்பு. படத்தில் இருந்த சந்து மூடிப் பல நிமிடங்கள் ஆகியிருக்க வேண்டும்.

வட்டம் நின்றது. சிக்னல் இல்லை.

எழுதினேன். 'நடுவில் வராதீர்கள். மூடிவிட்டது. மேற்கே சுற்றித் திரும்புங்கள்.' ஒற்றை டிக். போய்ச் சேரவில்லை. அழைத்தேன். மணி அடிக்கவில்லை. மறுபடி எழுதினேன். 'திரும்பி வா.' அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், மச்சானை நான் ஒருபோதும் ஒருமையில் அழைத்ததில்லை. அந்த இரண்டு சொற்களும் அவள் பெயருக்குக் கீழே, அவள் படத்துக்குக் கீழே, ஒற்றை டிக்கோடு கிடந்தன.

அத்தை எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். காற்று மாறிவிட்டது. துணிப்பை விறைத்து மறுபக்கம் திரும்பியது. செம்பனை ஓலைகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் புரண்டன.

"எங்க இருக்கான்?"

"வர்றாரு அத்தே. சிக்னல் இல்ல."

அவர் என் கையைப் பிடித்துத் திரையைத் தன் பக்கம் திருப்பினார். வட்டத்துக்குள் இருந்த மகளின் படத்தைப் பார்த்தார். அதற்கு முன் அவர் அதைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது. டேப்லட்டில் மழையைத்தான் பார்த்திருந்தார். அவள் முகத்தை அல்ல.

"பேசலாமா இதுல?"

"பேசி அனுப்பலாம். எப்போ போய்ச் சேரும்னு தெரியாது."

"அமுக்குங்க."

அமுக்கிப் பிடித்தேன். அத்தை குனிந்து, கைப்பேசிக்கு வெகு அருகில் வாயை வைத்தார். எஸ்டேட்டில் தூரத்து மர நிரையில் வேலை செய்பவர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருடையது. இப்போது அதைத் தணித்துப் பேசினார்.

"பாப்பா. அண்ணன் அங்க தனியா இருக்கான்மா. கூட்டிட்டு வந்துரு." நிறுத்தினார். நான் விரலை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். "நீயும் வந்துரு. அம்மா ஒன்னும் சொல்ல மாட்டேன். நேரமாச்சின்னு திட்ட மாட்டேன். வந்துரு."

விரலை எடுத்தேன். போயிற்று. ஒற்றை டிக்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். நான் வானத்தைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கைப்பேசி துடித்தது. மூன்று செய்திகளுக்கும் ஒன்றாக இரண்டாவது டிக் விழுந்தது. அதற்கு அப்புறம்தான் சத்தம் கேட்டது, நாங்கள் எதிர்பார்க்காத மேற்கிலிருந்து. மிகத் தாழ்வாக, மரங்களை உரசுவதுபோல வந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, புல்லில் இருமுறை குதித்து ஓடி, கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி நின்றது. இறக்கையெல்லாம் ஓலைத் துணுக்கும் தண்ணீரும். விசிறி சுற்றி ஓய்ந்தது.

அத்தை அசையவில்லை. "போங்க தம்பி," என்றார். நான் போனேன். முதல் பெரிய துளிகள் விழத் தொடங்கியிருந்தன.

மச்சான் இறங்கவில்லை. பக்கவாட்டுச் சிறு ஜன்னல் திறந்திருந்தது. பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் டேப்லட்டை மடியில் வைத்துக் குனிந்திருந்தார். அவர் விரல் திரையில் பட்டது. உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது, சின்னதாக, தகரம் தட்டியதுபோல. பாப்பா. முழுவதும் ஓடி முடிந்தது. அவர் என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது. மறுபடி விரல் நகர்ந்தது. மறுபடி அந்தக் குரல், நேரமாச்சின்னு திட்ட மாட்டேன் என்றது.

நான் இறக்கைக்கு அடியில் நின்றேன். கதவின் பிடி என் இடுப்பளவில் நனைந்துகொண்டிருந்தது. மழை எங்களைச் சுற்றிலும் இறங்கியது. உள்ளே மூன்றாவது முறை ஓடியது.