ஒழுகாத மூடி

சண்முகப்பிரியாவுக்கு ஒழுகல் என்றால் ஆகாது. கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனால்கூட, சொட்டிக்கொண்டிருக்கும் குழாய்களை எல்லாம் திருகி இறுக்கிவிட்டுத்தான் பந்திக்கு வருவாள். அம்மணி மொய் வைக்க வந்ததா, ரிப்பேர் பார்க்க வந்ததா என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டுமே. கோயமுத்தூர் கணபதியில் பம்ப் பட்டறை நடத்துகிறவள் வேறு எப்படி இருப்பாள்? அவள் பட்டறையின் பெயரைக் காப்பாற்றுவது ஃபுட் வால்வ். கிணற்றுக்குள் குழாயின் அடியில் கிடந்து, ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் மூடி அது. அவள் செய்த வால்வைப் போட்டால் மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றி மோட்டாரை எழுப்ப வேண்டியதில்லை என்று பொள்ளாச்சி வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருக்கும்.

புருஷன் அருள்குமாருக்கு வெளி வேலை. ஆர்டர் பிடிப்பது, ஆபீஸ் படியேறுவது, பேசிப் பேசியே ஆளைச் சம்மதிக்க வைப்பது. பட்டறைக்குள் அவள் சொன்னதுதான் சட்டம்.

போன ஆடியில் அவன் கொண்டுவந்த ஆர்டரைக் கேட்டு வெல்டர் அங்கப்பன் வாய்விட்டுச் சிரித்தான். கடலுக்கும் கணபதிக்கும் என்ன சம்பந்தம்? அருள்குமார் தோசை தின்றபடியே விளக்கினான். கடல் வளம் அழியாமல் பிடித்துச் சாப்பிட வேண்டும் என்று நாட்டுக்கே ஒரு கொள்கை வகுத்திருக்கிறார்கள். இறாலுக்குப் போடும் இழுவலையில் கடலாமையும் மாட்டிச் சாகிறது. அதனால் வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைக்க வேண்டும். இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பின்னால் இருக்கும் பைக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, சரிவிலேயே மேலே ஏறி, அங்கே இருக்கும் ஜன்னல் வழியாக வெளியே போய்விடும். ஜன்னலுக்கு ஒரு வலைத்துணி மூடி. படகுக்கு ஒன்று கட்டாயம், பணம் அரசாங்கம் தருகிறது.

தண்ணீரிலேயே கிடக்கிற பிராணி தண்ணீரில் எப்படிச் சாகும் என்று அவள் கேட்டாள். மூச்சு வாங்க மேலே வரவேண்டுமாம், நம்மைப் போலத்தான் என்றான் அவன். அவள் அடுத்த தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்டது கேட்டபடியே காற்றில் போய்விட்டது.

ஆர்டர் கொடுத்தவர் முகமது ரியாஸ். நாகப்பட்டினம் பக்கம் மூன்று படகு வைத்திருக்கிறார். உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு அவருடைய வேன் வராத வாரம் கிடையாது. தன் கரையில் உள்ள படகுக்காரர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து அவர்தான் பேசினார். சாம்பிள் சட்டம் ஒன்றையும் மீன் வேனிலேயே போட்டு அனுப்பியிருந்தார். பட்டறை இரண்டு நாள் நாறியது.

பம்ப் சோதிக்கும் தொட்டி பட்டறையின் பின்பக்கம் இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம். சாம்பிளை வலையோடு அதில் இறக்கி, பெரிய பம்பை ஓட்டி, இறாலுக்குப் பதிலாக ஊறவைத்த கொண்டைக்கடலையைக் கொட்டிப் பார்த்தாள். மேல் ஜன்னலின் வலைத்துணி காற்றில் ஆடுகிற முந்தானை மாதிரி படபடத்தது. அதன் ஓரத்தில் கடலை வெளியே ஓடியது. சண்முகப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு சாமானைச் செய்து மனிதர்கள் விற்பார்களா?

வலைத்துணியைக் கழற்றி எறிந்தாள். அந்த இடத்தில் கீல் வைத்து, ரப்பர் உதடு வைத்து, ஸ்பிரிங் வைத்து, ஃபுட் வால்வைப் போலவே ஒரு மூடி செய்தாள். மறுபடி கடலையைக் கொட்டினாள். ஒன்றுகூட வெளியே வரவில்லை. அங்கப்பன் விசில் அடித்தான். சரக்கைப் பார்க்க வந்த மீன்வளத்துறை அதிகாரி கம்பி இடைவெளியை அளந்தார், சாய்வை அளந்தார், ஜன்னலை அளந்தார். மூடியை இரண்டு கையாலும் இழுத்தார், திறந்தது. விட்டார், மூடிக்கொண்டது. நல்ல வேலை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஐப்பசியில் முதல் சரக்கு கரைக்குப் போனது.

இந்த வைகாசியில் ரியாஸ் வந்தார். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கிறது, அவருக்கும் ஓய்வு. கோயமுத்தூர் மூடி என்று துறைமுகம் முழுக்கப் பேச்சாம். இறால் ஒன்று தப்புவதில்லையாம். அடுத்த கரைக்காரர்களுக்கும் வேண்டுமாம், தடை முடிவதற்குள் அதே அளவு இன்னொரு சரக்கு வேண்டுமாம். டீயை ஆற்றிக்கொண்டே போனை நீட்டினார். படகின் தளத்தில் இறால் குவியல். அதன் பின்னால் பல் தெரியச் சிரிக்கும் பையன்கள். சண்முகப்பிரியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், தன் மூடி தெரிகிறதா என்று. மூடி தெரியவில்லை. மூலையில், கவிழ்த்த இரும்புச் சட்டி போல ஒன்று மல்லாந்து கிடந்தது. அதற்குக் கழுத்து இருந்தது.

இது என்ன என்று கேட்டாள்.

"ஆமைம்மா. மூடிகிட்ட முட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. எல்லாப் படகுலயும் அப்பப்ப ஒண்ணு ரெண்டு வரும்" என்றார் ரியாஸ்.

உசிரோடா என்று கேட்டதற்கு, வலை மேலே ஏறுவதற்குள் செத்துவிடும் என்றார். கொடுமைக்காரர் இல்லை. டீயில் ஆடை படிந்திருந்தது, அதை விரலால் எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சண்முகப்பிரியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லேத்துக்கும் வெல்டிங் மேடைக்கும் நடுவே நடந்தாள். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஸ்பிரிங் எவ்வளவு தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டவள் அவள்தான். தண்ணீர் எவ்வளவு தள்ளும் என்று போட்டாள். ஆமை எவ்வளவு தள்ளும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. ஐப்பசியில் போன அத்தனை மூடியும் கரையில் காத்திருக்கிறது. தடை முடிந்ததும் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும்.

லேசான ஸ்பிரிங் போட்டுப் பார்த்தாள். கடலை ஒழுகியது. அதைவிடச் சற்று இறுக்கமானதைப் போட்டாள். அதுவும் ஒழுகியது. ஒழுகாத இடம் வந்தபோது, மூடியைத் திறக்க அங்கப்பன் இரண்டு கையும் போட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று தேடித் தேடிச் சலித்துப் போனாள். அப்படி ஒரு இடம் இல்லை.

அருள்குமார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். புது ஆர்டர் கைவிட்டுப் போனால் ஊர் சிரிக்கும் என்றான். நாம் செய்தது விதிக்கு உட்பட்டதுதான் என்றான்.

"ஆமை போறதுக்கு வழி இருக்கோணும்னு கொள்கையில போட்டிருக்குது. வழி இருக்குதில்ல அம்மணி? மூடி எத்தன கெட்டின்னு ஆரு கேட்டாங்க?"

"ஆமை வந்து கேக்குமுங்களா?" என்றாள் அவள்.

ரியாஸுக்குப் போன் செய்து, வலைத்துணி மூடியே இருக்கட்டுமே என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை, உள்ளதைச் சொன்னார். இறால் ஒழுகினால் பையன்கள் அதைப் போட மாட்டார்கள். அதிகாரி வரும்போது வலையில் கட்டிக் காட்டிவிட்டு, கடலுக்குள் போனதும் கழற்றித் தளத்தில் போட்டுவிடுவார்கள். முன்பு அப்படித்தான் நடந்தது. கோயமுத்தூர் மூடி வந்தபிறகுதான் ஒழுங்காகப் போடுகிறார்கள். கெட்டியான மூடி கொல்கிறது, தளர்ந்த மூடி கடலுக்கே போகாது. போனை வைத்துவிட்டு அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

சரக்கு ஏற்ற வேனோடு ரியாஸ் வந்த அன்று, தொட்டியில் ஒரு சட்டம் வலையோடு ஏற்கனவே இறங்கியிருந்தது. மூடி தண்ணீருக்குள் ஒரு முழம் கீழே தெரிந்தது. சண்முகப்பிரியா சுடிதாரின் துப்பட்டாவைக் கழற்றி இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். ஆனைமலையில் அப்பன் வீட்டுக் கிணற்றில் படிக்கட்டு உச்சியிலிருந்து குதித்து நீச்சல் பழகியவள். தொட்டி அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

"பாத்துக்கிட்டே இருங்கண்ணா" என்று ரியாஸிடம் சொன்னாள். அருள்குமார் ஏதோ கேட்க வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட்டாள்.

வலையின் வாய் வழியாக உள்ளே போனாள். கம்பி நெஞ்சில் இடித்தது. சரிவைப் பிடித்து மேலே ஏறினாள். தலைக்கு மேல் மூடி, மூடிக்கு மேல் வெளிச்சம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையால் முட்டினாள். காலுக்கு ஊன்ற எதுவும் இல்லை. முட்டிய வேகத்தில் அவள்தான் கீழே போனாள், மூடி அசையவில்லை. மறுபடி முட்டினாள். அவள் வைத்த ரப்பர் உதடு அவள் வைத்தபடியே கச்சிதமாகப் படிந்திருந்தது. எவ்வளவு நல்ல வேலை என்று அந்த நேரத்திலும் ஒரு எண்ணம் ஓடியது. அந்த எண்ணத்தை அவளால் பொறுக்க முடியவில்லை. மூன்றாவது முறை முட்டினாள். நெஞ்சு வலித்தது. திரும்பிப் போகலாம், வாய் திறந்துதான் இருக்கிறது. ஓடுகிற வலையில் ஆமையால் திரும்ப முடியாது என்று நினைத்து இன்னும் ஒரு முட்டு முட்டினாள். அப்புறம்தான் திரும்பினாள். கால் வலையில் சிக்கியிருந்தது.

மேலே நின்றவர்களில் முதலில் புரிந்துகொண்டவர் ரியாஸ். தண்ணீருக்குள் ஒரு உடம்பு எப்போது நீந்துகிறது, எப்போது துடிக்கிறது என்று அவருக்குத் தெரியும். செருப்போடு குதித்தார். இரண்டு கையாலும் மூடியைப் பிளந்து, அவளுடைய முடியைப் பிடித்து மேலே இழுத்தார். சிக்கிய கால் வலையை விட்டு உருவிக்கொண்டு வந்தது.

தொட்டி விளிம்பில் அவள் குப்புறக் கிடந்து இருமினாள். அருள்குமார் அவள் முதுகைத் தேய்த்தபடி திட்டிக்கொண்டே இருந்தான். ரியாஸ் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பிறந்ததிலிருந்து செத்த ஆமையைப் பார்த்திருக்கிறார். அது சாவதை இன்றைக்குத்தான் பார்த்தார்.

"நாலு தடவ முட்டுனியே தங்கச்சி" என்றார் கடைசியில். "அசையவே இல்ல."

அங்கப்பன் யாரும் சொல்லாமலேயே கட்டரைக் கொண்டுவந்தான். அருள்குமார் அதை அவன் கையிலிருந்து வாங்கினான். ஆர்டர் பிடிக்க அலைந்தவன் அவன்தான். ஸ்பிரிங்கை அவனே வெட்டினான், கீலைக் கழற்றினான். பழைய வலைத்துணியைக் கட்டிச் சட்டத்தை இறக்கி, பம்பை ஓட்டி, கடலையைக் கொட்டினார்கள். ஜன்னல் ஓரமாகக் கடலை வெளியே வந்தது. சண்முகப்பிரியாவின் கை தன்னால் நீண்டது, இறுக்குவதற்கு. அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒழுகட்டுங்க" என்றாள். அந்தப் பட்டறையில் அவள் வாயிலிருந்து யாரும் கேட்டிராத சொல்.

ரியாஸ் வெளியே மிதந்த கடலையைக் கையால் அள்ளினார். உள்ளங்கை நிறைந்தது. பைக்குள் போனது ஒரு வாளி. கைப்பிடியையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பாத்துட்டேன், போட்டுருவேன். எங்க பசங்களுக்கு இத எப்படிம்மா சொல்லுவேன்? சொன்னா நம்புவானுங்களா?"

அவள் ஈரத் தலையைத் துப்பட்டாவால் துவட்டி முடிந்தாள். வெட்டிய ஸ்பிரிங்கைக் காலால் ஒதுக்கினாள். ஸ்பிரிங் வெட்டாத மூடி ஒன்றை எடுத்துச் சட்டத்தோடு வேனில் வைக்கச் சொன்னாள், கூடவே கட்டரையும்.

"நானே வாரேனுங்க. அங்கயும் தண்ணி இருக்குதில்ல?"